சனிக்கிழமை மட்டும் நிற்கும் கார்

அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா? சந்திரகிரிக்கு முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில், எங்கள் பழைய காரின் பெட்ரோல் மூடியை அவர் ஒரு ஊக்கால் குத்திச் சுத்தம் செய்த அந்தக் காலையிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. அரிசி களையும்போது வருகிறது. குழந்தைக்குத் தலை வாரும்போது வருகிறது. தெரியும் என்று ஒரு நாள் முடிவு செய்கிறேன். அடுத்த நாள், தெரிந்திருந்தால் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாரே என்று மாற்றிக்கொள்கிறேன்.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. என் கணவரின் அண்ணன் மனைவி. சித்தூரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். மூத்தார், அதாவது அக்காவின் கணவர், குவைத்தில் இருக்கிறார். என் கணவருக்குத் தடா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வருவார். ஆகவே வீட்டில் அக்கா, நான், என் மூன்றரை வயது மகள், அப்புறம் அந்தக் கார்.

காரையும் ஆள் கணக்கில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மாமனார் வாங்கியது. எனக்கு முன்பே பிறந்தது. உருண்டைக் கண்கள் போல இரண்டு விளக்குகள், முன்னால் மூன்று பேர் ஒட்டி உட்காரும் நீளமான ஒரே இருக்கை, ஸ்டியரிங் ஓரத்திலேயே கியர். இந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோலைக் கணினி அளந்து ஊற்றுகிறதாம். இதில் அப்படி ஒன்றும் இல்லை. பின்னால் டேங்க், முன்னால் எஞ்சின், நடுவில் ஒரு மெல்லிய குழாய். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பம்பு பின்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தருகிறது. நாம் இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போலத்தான். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது, சாவி போட்டால் ஓடும், அவ்வளவுதான் தெரியும்.

அந்தக் கார் எங்களுக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, புரிந்துகொள்கிறாள், ஆனால் வாய் திறப்பதில்லை. திருப்பதியில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் இடம் கிடைத்தது. செவ்வாய், சனி, காலை பத்து மணி. பஸ்ஸில் ஏற்றினால் ஹாரன் சத்தத்துக்கு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஏசி போட்ட டாக்சியில் ஏற்றினால் பாகாலா தாண்டுவதற்குள் வாந்தி. இந்தக் காரில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, கண்ணாடி இறக்கிய ஜன்னல் காற்றில் கண்ணை மூடி, எஞ்சின் சத்தத்தோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே வருவாள். அவளிடமிருந்து நான் கேட்ட முதல் நீளமான சத்தம் அதுதான்.

ஓட்டுவது அக்கா. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். எங்களுக்காகச் செவ்வாயும் சனியும் மதிய ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டார். எழுபது கிலோமீட்டர் போய், எழுபது கிலோமீட்டர் வந்து, பிறகு எட்டு மணி நேரம் நின்று வேலை. "உனுக்காகவா போறேன், என் கண்ணுக்காகப் போறேன்" என்று என் மகளின் கன்னத்தைக் கிள்ளுவார். அவ்வளவோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

முதல் மாதம் ஒரு சிக்கலும் இல்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மையத்தில் இருக்கும் ஆசிரியை ஒரு விதியைச் சொன்னார். காத்திருக்கும் குழந்தைகள் அதிகம், அதனால் மூன்று மாதத்துக்குள் மூன்று முறை வராமல் போனால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் வராததாகவே கணக்கு. அவர் கடுமையாகச் சொல்லவில்லை. எல்லாப் பெற்றோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ராத்திரியெல்லாம் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையும் வழக்கம் போலக் காருக்குப் பொட்டு வைத்தேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல்படிக்கும் காருக்கும் சந்தனமும் மஞ்சளும் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைப்போம். நான் கல்யாணமாகி வந்தபோது சொல்லிக் கொடுத்த இடங்கள் ஏழு: முன் மூடி, இரண்டு விளக்கு, நான்கு சக்கரம். அக்காவுக்கு வேலை நேரம் ஒத்துவராததால் அது என் பொறுப்பாகி ஐந்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு அந்த ஏழும் எனக்குப் போதவில்லை. வழியில் நின்றுவிடாமல் ஓட வேண்டுமே என்று காரைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் பெட்ரோல் போடும் வட்ட மூடி. அதுதானே இதற்கு வாய், அதற்கு ஏன் யாரும் பொட்டு வைப்பதில்லை என்று தோன்றியது. மூடியின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. பொட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. சந்தனத்தை அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள், சனிக்கிழமை, பூதலப்பட்டு தாண்டிக் கார் நின்றது.

திடீரென்று நிற்கவில்லை. முதலில் ஒரு திணறல். அக்கா மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. இரண்டு முறை குலுங்கியது. பிறகு எஞ்சின் அடங்கி, டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. என் மகள் 'ம்ம்ம்' என்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தாள். புளியமரத்தடியில் ஓரம் கட்டினோம்.

"இன்னாக்கா ஆச்சு?"

"பெட்ரோல் வர்ல போல. நேத்து காலையிலதான் டேங்க் ரொப்புனேன், தீந்துபோவ சான்ஸே இல்ல."

பானெட்டைத் தூக்கினார். நான் கணவருக்குப் போன் செய்தேன். அவர் தெரிந்ததைச் சொன்னார்: வெயிலுக்குப் பம்பு சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளுமாம், பழைய வண்டிகளில் சகஜமாம், ஈரத்துணி சுற்றினால் சரியாகுமாம். நான் என் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அந்தப் பதற்றத்திலும் அக்கா சிரித்தார்.

"புத்தூர் பொண்ணாச்சே. எங்க ஒடஞ்சாலும் கட்டு கட்டாம வுடமாட்டே."

நான் புத்தூரில் பிறந்தவள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட எங்கெங்கிருந்தோ எங்கள் ஊருக்கு வருவார்கள். இருபது நிமிஷம் கழித்துக் கார் கிளம்பியது. என் கட்டு வேலை செய்தது என்று பெருமையாக இருந்தது. பாகாலா தாண்டி மறுபடி நின்றது. மறுபடி கட்டு, மறுபடி இருபது நிமிஷம். மையத்துக்குப் போனபோது பத்தே முக்கால். ஆசிரியை பதிவேட்டில் ஒரு கோடு போட்டார். ஒன்று.

திரும்பும்போதும் நின்று நின்றுதான் வீடு வந்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தார். எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கிறார். பாதி தமிழ், பாதி தெலுங்கு, நடுவில் எது வருகிறதோ அது. கார்புரேட்டரைக் கழற்றி மேஜைமேல் பழைய செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு துண்டாகப் பிரித்து அடுக்கினார். சோளமணி மாதிரி சின்னச் சின்னப் பித்தளைத் திருகுகள். ஒவ்வொன்றின் ஓட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாயால் ஊதினார். அந்தக் கையைப் பார்த்தபோது, கறை படிந்த விரல்கள் இவ்வளவு மென்மையாக இருக்க முடியுமா என்று நினைத்தேன்.

"கொஞ்சம் தூசி உந்தி, தூசி இருக்குது யக்கா. இனிமே குதிரை மாதிரி போவும்."

செவ்வாய்க்கிழமை குதிரை மாதிரியே போனது. ஒரு திணறல்கூட இல்லை. வெள்ளிக்கிழமை நான் எட்டுப் பொட்டும் வைத்தேன். சனிக்கிழமை, கிட்டத்தட்ட அதே இடத்தில், கார் நின்றது. இரண்டாவது கோடு.

இந்த முறை என் கணவர் போனில் சத்தம் போட்டார். "அந்த டப்பாவ வித்துட்டு வேற எதனா பாக்கலாம். நைனா வண்டின்னு கட்டிக்கினு அழுவாதீங்க."

அக்கா போனை வாங்கினார். "விக்கலாம் தம்பி. நாளைக்கே வித்துடலாம். ஆனா கொழந்த வேற எதுல உக்காரும்னு நீயே சொல்லு." போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

மெக்கானிக்கும் விடவில்லை. பம்பைப் பிரித்து உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டை மாற்றினார், வடிகட்டியையும் மாற்றினார். அக்காவுக்கு அதில்தான் கோபம்.

"ரெண்டையும் ஒண்ணா ஏன் மாத்துனீங்க? ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். இப்ப சரியாச்சுன்னா எதால சரியாச்சுன்னு எப்டி தெரியும்?"

"வண்டி ஓடுனா போதாதா யக்கா?"

"போதாது. மறுபடி நின்னா நான் எங்கருந்து ஆரம்பிக்கறது?"

அன்றைக்கு ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டார். கிழமை, கிளம்பிய நேரம், நின்ற இடம், டேங்கில் எவ்வளவு, வெயில் எப்படி, என்ன செய்தோம், கடைசியாகக் 'காரணம்'. வேலை செய்யும் இடத்தில் ரத்தத்துக்கு எழுதுவது போலவே, அதே சாய்ந்த, சின்ன எழுத்து. அதுவரை நடந்ததையெல்லாம் ஞாபகப்படுத்தி எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதப் பாரேன். செவ்வாக்கெழம ஒரு வாட்டிகூட நிக்கல. சனிக்கெழம மட்டும் நிக்குது."

அந்தச் செவ்வாயும் நிற்கவில்லை. இதைக் கேட்டு மெக்கானிக் தலையில் கை வைத்துச் சிரித்தார். "பெருமாளுக்கு சனிக்கெழம விசேஷம் ஆச்சே யக்கா. திருப்பதி ரோட்ல போவுதுன்னு வண்டிக்கும் தெரிஞ்சுபோச்சு. உப்பாசம் இருக்குது, பெட்ரோல் துன்ன மாட்டேங்குது."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பி.எஸ்சி. படித்தவள்தான். ஆனாலும் சனி, தோஷம், குழந்தையின் ஜாதகம் என்று மனம் ஓடியது. இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? வெள்ளிக்கிழமை குளித்து, மடியாகச் சந்தனம் அரைத்து, எட்டாவது பொட்டை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக, தடிமனாக வைத்தேன். இன்னும் ஒரே ஒரு கோடுதான் பாக்கி என்று பெருமாளிடம் சொன்னேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஆறரை மணிக்கே கிளம்பினோம். பூதலப்பட்டு தாண்டியதும் நின்றது. நான் துண்டை நனைத்துக்கொண்டு இறங்கினேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"இரு. இன்னிக்குக் கட்டு வாணாம்."

"நேரமாவுதுக்கா!"

"நேரம் இருக்குது. கட்டாம வுட்டா இன்னா ஆவுதுன்னு பாக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. பரிசோதனை செய்து பார்க்க இதுவா நேரம்? அவருக்கு என்ன, அவர் பெற்ற குழந்தையா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது; ஆனால் நினைத்தேன். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சாலை ஓரத்தில் நின்றார். துணி இல்லாமல், தண்ணீர் இல்லாமல், சரியாக அதே இருபது நிமிஷத்தில் கார் கிளம்பியது.

"அப்ப சூடு இல்ல. உன் கட்டும் இல்ல. சும்மா நின்னதாலதான் கெளம்புது" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம். தவறான ஒரு பதிலை அடித்துவிட்டால் மீதி சின்னதாகிவிடும் என்ற சந்தோஷம். எனக்கு அது அப்போது புரியவில்லை.

பாகாலா பக்கம் மறுபடி நின்று, மறுபடி கிளம்பியது. சந்திரகிரிக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது மூன்றாவது முறை நின்றது. இந்த முறை இருபது நிமிஷம் ஆகியும் கிளம்பவில்லை. மணி ஒன்பதே கால். தூரத்தில் கோட்டை மலை தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் திருப்பதி. நான் சாலையில் இறங்கி ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். மகளைத் தூக்கினேன். அவள் கார்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பை விறைத்துக் கத்தினாள். ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒத்துமா, வாணாம், பாப்பா பயப்படுது" என்று கிளம்பிப் போய்விட்டார்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எஞ்சின்மேல் குனிந்திருந்தார். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பத்து நிமிஷத்தை நான் தினம் ஒரு முறையாவது நினைத்துக்கொள்கிறேன்.

முதலில், கார்புரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றி, அதன் நுனியை ஒரு காலித் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் விட்டார். பம்பின் அடியில் கையால் அடிக்கும் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதை அடித்தார். பாட்டிலில் ஒரு சொட்டுகூட விழவில்லை. "கார்புரேட்டர் மேல தப்பு இல்ல. அதுக்கு வந்தாத்தானே குடிக்கும்" என்றார், தனக்குத்தானே.

அடுத்து, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயைப் பம்பின் பக்கம் கழற்றினார். பம்பின் வாயில் விரலை வைத்து மூடிக்கொண்டு நெம்புகோலை அடித்தார். விரல் உள்ளே இழுபட்டது. "பம்பும் நல்லாத்தான் உறியுது."

நிமிர்ந்து நின்றார். அந்த மூன்று வாரத்தில் எத்தனை முறை நின்றிருப்போம்! ஒவ்வொரு முறையும் எல்லோரும் முன்னால்தான் குனிந்தோம். டேங்க் நிறைய இருப்பது தெரிந்ததால் யாரும் பின்னால் போகவே இல்லை. அக்கா மெதுவாக, யோசித்தபடி, பின்பக்கம் நடந்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்தேன். பெட்ரோல் மூடியைப் பிடித்துத் திருகினார். முதலில் அசையவே இல்லை. இரண்டு கையாலும் திருகினார்.

'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். யாரோ நீண்ட நேரம் மூச்சை அடக்கி வைத்திருந்து இழுத்தது போல. காற்று உள்ளே போகும் சத்தம்.

அக்கா அப்படியே நின்றார். பிறகு கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியின் நடுவில் ஒரு நூல் நுழையும் அளவு துளை வைத்திருக்கிறார்கள். அது அடைத்துக்கொண்டால், உள்ளே வெற்றிடமாகி, பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் நகராது. நிறுத்தி வைத்தால் எங்கேயோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று மெல்ல மெல்ல நுழையும், கொஞ்ச தூரம் ஓடும். டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்று குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் நிற்கும். இதெல்லாம் பிறகு அக்கா சொல்லித் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: மூடியின் நடுவில், காய்ந்து கெட்டியான மஞ்சளும் சிவப்பும். என்னுடைய எட்டாவது பொட்டு.

அக்கா கட்டை விரலால் அதைத் தேய்த்தார். விரலில் ஒட்டியதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார், முகத்தைத் திருப்பாமலே.

"ஒரு ஊக்கு குடு."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அக்கா துளையைக் குத்தி, ஊதி, வானத்தைப் பார்த்துப் பிடித்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். ஊக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மூடியையும் குழாய்களையும் மாட்டி, கையில் ஒட்டியிருந்த பெட்ரோலை நன்றாகத் துடைத்துவிட்டு, நெம்புகோலை அடித்தார். சாவி திருகினார். மூன்றாவது திருகலில் எஞ்சின் பிடித்தது.

வழியெல்லாம் அவர் ரோட்டையும் கைக்கடிகாரத்தையும் மட்டும் பார்த்து ஓட்டினார். சந்திரகிரி வந்தது, போனது. என் மகள் மட்டும் நடுவில் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டு வந்தாள். மையத்தின் வாசலில் காரை நிறுத்தியபோது பத்து அடித்து எட்டு நிமிஷம். ஆசிரியை மணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கோடு போடவில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பயிற்சி முடிந்ததும் ஆசிரியை வந்து கேட்டார். "இன்னிக்கு ஒரு புதுச் சத்தம் வந்தது. பலூன்ல காத்தை விட்டுக் காட்டினப்ப, அவளே 'உஸ்ஸ்'னு சொன்னா. மூணு தடவை. வீட்ல சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்ல மேடம். பெட்ரோல் டேங்க் சொல்லிக் குடுத்துது" என்றார் அக்கா.

மறுநாள் காலை மெக்கானிக்கிடம் அக்காவே போய்ச் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூடியில காத்துத் தொள அழுக்கு அடைச்சுக்கினு இருந்துது மேஸ்திரி. வேற ஒண்ணும் இல்ல."

மெக்கானிக் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ யக்கா! மூணு வாரமா நெஞ்சப் பொளந்து பாத்துக்கினு இருந்தேன். அதுக்கு மூக்கு அடைச்சுக்கினு இருந்துருக்குது. மொதல்ல மூடியத் தொறந்து பாக்காதது என் தப்பு யக்கா, பூரா என் தப்பு."

அழுக்கு. அந்த ஒரு சொல்தான். மஞ்சள் எங்கே, குங்குமம் எங்கே, அழுக்கு எங்கே? ஒரு துளி ரத்தத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று கண்டுபிடிக்கிற கண்ணுக்குச் சந்தனம் தெரியாமலா போயிருக்கும்? அப்படி நினைத்தால் அவருக்குத் தெரியும். ஆனால் காரை ஒவ்வொரு திங்கட்கிழமை சாயங்காலமும் ஈரத்துணியால் துடைப்பவர் அவர்தான். அப்படித் துடைத்ததால்தான் செவ்வாயில் கார் நிற்கவில்லை. அப்போதெல்லாம் மூடியில் பொட்டைப் பார்த்தும் கவனிக்கவில்லையே, அதனால் இப்போதும் உண்மையிலேயே அழுக்கு என்று நினைத்திருக்கலாமே. பரபரப்பில் இருந்தார், வெயில் வேறு. இப்படி இரண்டு பக்கமும் எனக்கு நானே வாதாடுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் சந்தனக் கிண்ணத்தோடு காரின் முன்னால் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தயங்கினேன். அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"பின்னாடி நம்பர் பிளேட்டு மேல ஒண்ணு வெய்யி. அங்க வெச்சா வர்றவங்களுக்கு நல்லா தெரியும்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். எட்டாவது பொட்டுக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டார், அது எங்கே இருந்தது என்று கேட்காமலே. அதன் பிறகு கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. மகள் இப்போது 'உஸ்' சொல்கிறாள், 'பூ' சொல்கிறாள், அவள் அப்பா வரும்போது நைனா என்பதில் பாதியைச் சொல்கிறாள்.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மெக்கானிக். இப்போதும் கடைக்கு எந்தப் பழைய வண்டி வந்தாலும், "மொதல்ல மூடியத் தொறங்க. நான் ஒரு வாட்டி தப்புப் பண்ணேன், அந்த யக்கா வண்டில" என்று எல்லோருக்கும் சொல்கிறார். நான் காய்கறி வாங்கப் போகும் வழியில் அது என் காதில் விழுகிறது. அவர் செய்யாத தப்பைச் சிரித்துக்கொண்டே சுமக்கிறார்.

இன்னொன்று, நோட்டு. அது காரின் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. போன வாரம் குழந்தைக்குத் துண்டு தேடும்போது கையில் பட்டது. அந்தச் சனிக்கிழமை வரிசையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. நின்ற இடம், நேரம், வெயில், 'மூடியின் காற்றுத் துளை அடைப்பு, ஊக்கால் நீக்கப்பட்டது.' கடைசிக் கட்டம், 'காரணம்' மட்டும் காலி. எதையும் காலியாக விடாத அக்கா அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். எனக்காக விட்டதா? நானே எழுதுவேன் என்று விட்டதா? அல்லது யாரும் எப்போதும் எழுத வேண்டாம் என்று விட்டதா?

என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், பிறகு எல்லோரிடமும் சொல்வார். அக்காவிடம் போய், "அது நான்தான்" என்று சொல்ல இரண்டு முறை வாய் திறந்தேன். இரண்டு முறையும் "டீ போடட்டுமாக்கா?" என்று கேட்டு முடித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள், ஓரகத்தியோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் இருப்பீர்கள். ஒருவர் உங்களுக்காக ஒன்றைச் சொல்லாமல் விட்டால், அதை நீங்களே எடுத்துச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அவர் காட்டிய பெருந்தன்மையைத் தட்டிவிடுவதா? அந்தக் கட்டத்தில் என் கையால் எழுதட்டுமா? மெக்கானிக்கிடமாவது போய்ச் சொல்லட்டுமா, அப்படிச் சொன்னால் அக்கா சொன்னது பொய் என்று ஆகிவிடுமா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். நோட்டின் முதுகில் ஒரு பேனாவைச் செருகி வைத்திருக்கிறேன்.